பரிசல் பாட்டுக்கு நேர்ந்த கதி

அதைக் கொஞ்சம் அணைச்சிடுங்க சார். முன்பின் தெரியாதவன் அதிகாரம் பண்றானேன்னு நினைக்காதீங்க. நீங்க பாட்டுக்குக் கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தீங்க, நடுவுல அது தானா வந்து விழுந்துச்சு, உங்க மேல தப்பே இல்ல. ஆனா அந்த விளம்பரத்தைக் கேட்டாலே எனக்கு அடிவயித்துல இருந்து குமட்டிக்கிட்டு வருது. தொட்டியம் தாண்டுறதுக்குள்ள நான் வாந்தி எடுத்து வச்சா உங்க சட்டைக்குத்தான் ஆபத்து.

அணைச்சிட்டீங்களா? நல்லா இருங்க. இந்தப் பை உங்க காலை இடிக்குதோ? இருங்க, இப்படி நகத்தி வச்சிக்கிறேன். மேல தூக்கி வைக்க முடியாது, கனம்.

என் பேரு அருணகிரி. முசிறி யூனியன் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். நாமக்கல் போறேன், மக வீட்டுக்கு. எங்க வீட்டுல அங்கதான் இருக்கா, கூட்டிக்கிட்டு வரணும். நீங்க எதுவரைக்கும்? மோகனூரா? அட, எங்க வீட்டுல பொறந்த ஊரே மோகனூர்தான். கமலவேணி. ஆத்துக்குப் போற தெருவுல அவங்க அப்பா வெத்தலை வியாபாரம் பண்ணினாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நீங்க அப்பப் பொறந்திருக்கவே மாட்டீங்க.

இப்ப உங்க போன்ல கத்துச்சே, அது என்ன பாட்டுன்னு தெரியுமா? வாஷிங் மிஷின் பாட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நான் எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுவேன். எங்க தெருவுல பிள்ளைங்க அப்படித்தான் சொல்லுதுங்க. கேட்டாலே பத்திக்கிட்டு வருது. அது பரிசல் பாட்டு சார். எண்பத்தி மூணுல வந்த படம். படம் ஓடல, நாலே நாள்ல தியேட்டர்ல இருந்து தூக்கிட்டான். பாட்டு மட்டும் நின்னு போச்சு. 'அக்கரையில் நிற்பவளே, பரிசல் வரும் காத்திரு'ன்னு ஆரம்பிக்கும். ஆத்துக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவ. அந்த 'காத்திரு'ல ஒரு இழுப்பு இழுப்பான் பாருங்க, காவேரியே ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போற மாதிரி இருக்கும்.

எனக்கும் கமலவேணிக்கும் நிச்சயம் பண்ணினது அந்த வருஷம்தான். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல ஏழு மாசம். இப்ப மாதிரி போனா, பேச்சா? மோகனூர்ப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்லிட்டாரு. நான் என்ன பண்ணினேன், ரேடியோவுல நேயர் விருப்பம் போடுவாங்கல்ல, அதுக்குக் கார்டு எழுதினேன். வாரம் தவறாம எழுதினேன். ஒரே பாட்டுதான். கீழ 'விரும்பிக் கேட்பவர்கள், முசிறி அருணகிரி, மோகனூர் கமலவேணி'. ஒரு ஞாயித்துக்கிழமை அந்த அறிவிப்பாளர் அம்மா அழுத்தந்திருத்தமா ரெண்டு பேரையும் சேத்து வாசிச்சாங்க. தாலி கட்டுறதுக்கு முன்னாடியே எங்களுக்கு ரேடியோவுல கல்யாணம் ஆயிடுச்சுன்னு சிநேகிதன்கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவ அன்னைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா, நினைச்சுப் பாருங்க.

அப்பேர்ப்பட்ட பாட்டு சார். அதைக் கொண்டுபோய் அழுக்குத் தண்ணியில முக்கிட்டானுங்க.

நீங்க முழுசாப் பாத்திருக்கீங்களா அந்தக் கண்றாவியை? ஒருத்தி கேட் பக்கத்துல நிக்கிறா. இடுப்புல துணிக்கூடை. உதட்டுச் சாயமும் கம்மலுமா, துவைக்கப் போற மூஞ்சியா அது? தூரத்துல வேன் வருது. உடனே 'அக்கரையில் நிற்பவளே'. வேன்ல இருந்து மிஷினை இறக்குறானுங்க, அதுக்கு ஒரு மாலை வேற. அப்புறம் உள்ள ஒரு சட்டை, காலர்ல அழுக்கு, அதுக்குக் கண்ணு மூக்கு வாய் எல்லாம் வரைஞ்சு விட்டிருக்கான். அது நுரையில முங்கி எழுந்திருச்சுப் பாடுது. காதலன் பாட வேண்டியதை ஒரு அழுக்குச் சட்டை பாடுது சார். பாடுறவன் குரலாவது அந்தக் குரலா? இல்ல. எவனையோ பிடிச்சு மூக்கால பாட வச்சிருக்கான். அந்தக் 'காத்திரு' வர்ற இடத்துல இழுப்பே கிடையாது, வெட்டிட்டு விலையைச் சொல்றான். எனக்குக் காறித் துப்பணும் போல இருக்கு. பஸ்ஸுல துப்பக் கூடாது, அதனால சும்மா இருக்கேன்.

இது ஒண்ணுதானான்னா இல்ல. ஒரு சோகப் பாட்டு, ஊரே அழுத பாட்டு, அதை ஏசிக்குப் போட்டிருக்கான். தாலாட்டை எடுத்து ஃபேனுக்கு. கல்யாணப் பாட்டுல மிக்சி சட்னி அரைக்குது. ஃபிரிட்ஜுக்கு ஒரு பாட்டு போட்டிருக்கான், அதை உங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லவே எனக்குக் கூசுது. இவனுங்களுக்குச் சொந்தமா நாலு வரி எழுத ஆள் கிடைக்கலையா? அடுத்தவன் மனசுல பொத்தி வச்சிருக்கிறதைத் திருடிக்கிட்டு வந்து, அதுக்கு மேல விலை ஒட்டி, நம்மகிட்டயே விக்கிறான். வெக்கங்கெட்ட பொழப்பு.

ஜன்னலைத் திறக்கிறீங்களா? திறங்க, திறங்க. ஆமா, ஏதோ வாடை அடிக்குது. டீசலா இருக்கும்.

அந்த விளம்பரம் சித்திரையில ஆரம்பிச்சுது. ஒரு சீரியலுக்கு அஞ்சு தடவை, ஆறு தடவை. வந்ததும் நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அமுக்கிடுவேன். எங்க வீட்டுல என்ன பண்ணுவான்னா, அடுப்படியில இருந்து ஈரக் கையோட வந்து சோபா ஓரத்துல உக்காந்து பாப்பா. சத்தமே இல்லாம பாப்பா. உனக்கு அருவருப்பா இல்லையா, நம்ம பாட்டைப் போயி இப்படிப் பண்ணி வச்சிருக்கானேன்னு கேட்டா, டிவியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டா. ஒருநாள் ரிமோட்டை நான் எடுக்கிறதுக்கு முந்தி அவ எடுத்து முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டா. முப்பத்தொன்பது வருஷத்துல அவ என்கிட்ட இருந்து ஒரு பொருளை அப்படிப் பிடுங்கினதே இல்ல சார். சரி, வயசாகுது, புத்தி கொஞ்சம் அப்படி இப்படித்தான் போகும்னு விட்டுட்டேன்.

நான் சும்மா இருப்பேனா? கார்டு எழுதினேன். டிவிக்காரனுக்கு ஒண்ணு, கம்பெனிக்காரனுக்கு ஒண்ணுன்னு மொத்தம் பதினோரு கார்டு. இந்தப் பாட்டு எங்க வாழ்க்கையில எப்பேர்ப்பட்ட பாட்டு, இதை வச்சுத்தான் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நினைச்சிக்கிட்டு ஏழு மாசத்தை ஓட்டினோம்னு விவரமா எழுதி, இப்படிப்பட்ட பாட்டை நீங்க இப்படிப் பயன்படுத்தியிருக்கிறதைப் பாக்கும்போது என் மனசு என்ன பாடுபடும்னு கேட்டிருந்தேன். கார்டுல இடம் அவ்வளவுதான். கீழ, கை பழக்கம் பாருங்க, 'முசிறி அருணகிரி, மோகனூர் கமலவேணி'ன்னு ரெண்டு பேரையும் போட்டுட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு கவர் வந்துச்சு. வழவழன்னு காகிதம். திருமதி கமலவேணி அவர்களுக்குன்னு விலாசம். எங்கள் விளம்பரம் உங்கள் காதல் நினைவுகளைத் தூண்டியதில் மிக்க மகிழ்ச்சி, உங்களுக்காகச் சிறப்புத் தள்ளுபடி அப்படின்னு ஒரு சீட்டு. அந்த அழுக்குச் சட்டை படம் வேற, கண்ணடிச்சுக்கிட்டு. நான் திட்டி எழுதினதைப் பாராட்டுக் கடிதம்னு எடுத்துக்கிட்டானுங்க சார். தமிழ் படிக்கத் தெரியாதவனை வேலைக்கு வச்சா இப்படித்தான். நான் அதைக் கசக்கி மூலையில போட்டுட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா மூலையில காணோம். பெருக்கித் தள்ளியிருப்பான்னு நினைச்சேன்.

எங்க தள்ளினா? நீவி, மடிச்சு, நாமக்கல்லுக்கு அனுப்பியிருக்கா. மக சுகந்தி காலேஜ்ல வேலை பாக்குறா, கை நிறையச் சம்பளம். அவ அந்தச் சீட்டைக் கொடுத்து ஒரு மிஷினுக்குச் சொல்லிட்டா. என்கிட்ட ஆயியும் மகளும் ஒரு வார்த்தை மூச்சு விடல.

அன்னைக்கு வியாழக்கிழமை. காலையில பத்து மணி இருக்கும். பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்கேன், வாசல்ல வேன் வந்து நிக்குது. ரெண்டு பேரு அட்டைப்பெட்டியை இறக்குறானுங்க. பெட்டி மேல அதே சட்டை. நான் நிமிந்து பாக்குறேன், எங்க வீட்டுல கேட் பக்கத்துல நிக்கிறா. நல்ல சேலை கட்டி, தலை சீவி, பொட்டு வச்சு, எப்பவோ வந்து நின்னுக்கிட்டு இருந்திருக்கா. வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சுப் பிரிச்சானுங்க. அதுல ஒருத்தன் சொல்றான், துவைச்சு முடிச்சதும் இதுவே பாட்டுப் பாடிக் கூப்பிடும் பெரியம்மான்னு. ஒரு பட்டனை அமுக்கிக் காட்டினான். கிணிகிணின்னு, பொம்மைப் பெட்டிச் சத்தம் மாதிரி, அந்த மெட்டு. பரிசல் பாட்டோட மெட்டு சார். என் வீட்டுக்குள்ள, என் கண்ணு முன்னால.

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ ஆத்திரம். எடுத்துக்கிட்டுப் போங்கடான்னேன். ரசீதை வாங்கி, வேண்டாம்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அவனுங்க கையில திணிச்சேன். அவனுங்க கமலா மூஞ்சியைப் பாத்தானுங்க. அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக் கூட நான் கேட்டிருக்க மாட்டேன்னு வைங்க. பெட்டியை மறுபடி ஒட்டி ஏத்திக்கிட்டுப் போனானுங்க. வேன் தெருமுனை திரும்புற வரைக்கும் அவ கேட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தா. உள்ள வான்னு நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன்.

நீங்களே சொல்லுங்க, நான் பண்ணினதுல என்ன தப்பு? யாருக்காகப் பண்ணினேன்? எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான பாட்டு, அதோட மானத்தைக் காப்பாத்தினேன். துணி துவைக்கிற கல்லு நல்லாத்தான் பின்னால கிடக்கு. அவ துவைச்ச வெளுப்பு யூனியன் ஆபீஸ்லயே எவனுக்கும் கிடையாது. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைதான், வேற நிறம் தொட்டதில்ல. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்பு விரலை வெட்டும். தோள்பட்டை தூக்க முடியலைன்னு ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தா, அது யாருக்குத்தான் இல்ல, எனக்கும்தான் முட்டி வலிக்குது. விரல் இடுக்குல வெடிச்சிருக்குன்னு டாக்டர் ஒரு களிம்பு கொடுத்து, சோப்புத் தண்ணியில கை வைக்காதீங்கன்னு சொன்னாரு. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ராத்திரி போட்டுக்கிட்டுப் படு, காலையில சரியாயிடும்னு நானே சொல்லியிருக்கேன்.

சாயங்காலம் அவகிட்டப் பொறுமையாத்தான் பேசினேன். நம்ம பாட்டு கமலா, அதைப் போயி ஒரு மிஷின் பாடலாமான்னு கேட்டேன். அப்பதான் வாயைத் திறந்தா. அவ பேசினதை அப்படியே சொல்றேன், ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல.

"அந்தப் பாட்டை நான் என்னைக்குங்க கேட்டேன்? ஞாயித்துக்கிழமையானா நீங்க முன்னால ரேடியோவை வச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நான் பின்னால உங்க வேட்டியைக் கல்லுல அடிச்சிக்கிட்டு இருப்பேன். அடிக்கிற சத்தத்துல எனக்கு என்ன கேக்கும்? நான் உக்காந்து கேட்டது இந்த விளம்பரத்துலதான். அரை நிமிஷம். அதையும் நீங்க அமுக்கிடுறீங்க."

எப்படி இருக்கு பாத்தீங்களா? அவளுக்குக் கேக்கணும்னுதானே சார் நான் அவ்வளவு சத்தமா வச்சேன்? பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர்ற அளவுக்கு வைப்பேன். அது கணக்குல வராதா?

அதோட விட்டாளா? ரேடியோவுல பேரு வந்த கதையை எடுத்தா. அவங்க வீட்டுல அப்ப ரேடியோவே கிடையாதாம். எனக்கு யாரு சொன்னா? ஆத்துல துவைச்சிக்கிட்டு இருந்தாளாம். மேட்டுத் தெரு பொம்பளை ஒருத்தி ஓடிவந்து, உன் பேரு ஒரு ஆம்பளை பேரோட ரேடியோவுல வருதுடின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லியிருக்கா. வீட்டுக்குப் போனதும் அவங்க அப்பா, ஊர் சிரிக்க வச்சிட்டியேன்னு கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டாராம். தன் கையில சோப்பு கூடக் காயலைன்னு சொன்னா. கல்யாணம் வரைக்கும் ஆத்துக்கே விடலையாம். நான்தான் எழுதினேன்னு அவருக்குத் தெரியாதா என்னன்னு கேட்டேன். தெரியுமாம். மாப்பிள்ளையை அடிக்க முடியுமான்னு கேட்டா.

இதை நாப்பது வருஷம் கழிச்சுச் சொல்றா சார். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு ஒரு மாதிரியா ஆயிடுச்சு, மறைக்கல. ஆனா அதுக்கும் வாஷிங் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்? அவங்க அப்பா அடிச்சா அது அவரு தப்பு.

அப்புறம் ஒண்ணு கேட்டா. ரெண்டாவது சரணம் அந்தப் பொண்ணு பாடுறதாமே, அதுல அவ என்ன சொல்றான்னு சொல்லுங்க பாப்போம்னு கேட்டா. எனக்குச் சட்டுனு வரல. உண்மையைச் சொல்லணும்னா அந்தச் சரணம் அவ்வளவு எடுப்பா இருக்காது சார். முதல் சரணம் முடிஞ்சதும் நான் தண்ணி குடிக்க எழுந்திருவேன், இல்ல சட்டை காஞ்சிடுச்சான்னு பின்னால குரல் கொடுப்பேன். அதை எல்லாம் போயி யாரு ஞாபகம் வச்சிருப்பா? விளம்பரத்துல வரும்போது கேட்டுக்கலாம்னு பாத்தா அவன் பல்லவியோட முடிச்சிடுறான்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

மறுநாள் எழுந்து பாக்குறேன், இட்லி மூடி வச்சிருக்கு, சட்னி தாளிச்சு வச்சிருக்கு, ஆளு இல்ல. முதல் பஸ்ஸுக்கே போயிட்டா. நாலு நாள்ல வந்துடுவான்னு பாத்தேன். பதினெட்டு நாளாச்சு. போன் பண்ணினா சுகந்திதான் எடுக்கிறா. அம்மா என்னடி பண்றான்னு கேட்டா, சோபாவுல உக்காந்து பாட்டு கேட்டுக்கிட்டு இருக்காங்கப்பாங்கிறா. பின்னால கேக்குது எனக்கு, அந்தக் கிணிகிணி. மக வீட்டுலயும் அதே கம்பெனி மிஷின்தான். அது பாடி முடிக்கிற வரைக்கும் அம்மா எழுந்திருக்க மாட்டாங்க, அப்புறம்தான் போய்த் துணியை எடுப்பாங்கன்னு பெருமை வேற. போனை வச்சிட்டேன். எனக்குச் சோறு இறங்கல.

வீடு வீடா இல்ல சார். அதையும் சொல்லிடுறேன். சத்தமே இல்ல. பின்னால அந்தக் கல்லு காஞ்சுபோய் வெள்ளையாக் கிடக்கு, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. நேத்து அது மேல போய்க் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். சூடு தாங்கல, எழுந்து வந்துட்டேன்.

அதான் கிளம்பிட்டேன். வந்துடுவா. வராம எங்க போவா? அவ மனசு எனக்குத் தெரியும். போனைக் கடையில கொடுத்துப் பரிசல் பாட்டை முழுசா ஏத்தி வாங்கிக்கிட்டு வர்றேன், பாருங்க. பழைய குரல், அசல், ரெண்டு சரணமும் இருக்கு. அஞ்சு நிமிஷம் நாப்பது செகண்டுன்னு போட்டிருக்கு. கேக்கலை, கேக்கலைன்னா இல்ல? கேக்க வைக்கிறேன். ரெண்டாவது சரணத்தை நான் இன்னும் கேக்கல, அவளோட சேந்து கேக்கலாம்னு வச்சிருக்கேன்.

மோகனூர் வந்துடுச்சா? நீங்க இறங்கணும்ல. ஒரு கை பிடிங்க, இந்தப் பையை உள்ள தள்ளிடுறேன், உங்களுக்கு வழி விடணும். மெதுவா. கனம்தான்.

இதுலயா? ஒண்ணுமில்ல சார். துணி. பதினெட்டு நாள் வேட்டி சட்டை, ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டேன். வாடை இதுலதான் வருதோ என்னவோ. மக வீட்டு மிஷின்ல போடவே கூடாதுன்னு போனதும் கண்டிப்பாச் சொல்லிடுவேன். மாடியில தண்ணித் தொட்டி இருக்கு, பக்கத்துல சிமெண்ட்டுத் தரை இருக்கு. அவ கையாலயே துவைக்கட்டும். நான் பக்கத்துலயே உக்காந்து போனைப் பிடிச்சிக்கிறேன். இவ்வளவு துணி இருக்கு பாருங்க, பாட்டை முழுசாக் கேக்க அவளுக்கு நிறைய நேரம் கிடைக்கும்.